பாவை மன்றமும் தலைக்கோலும்

பூம்புகார் நகரை நமக்குக் காட்ட முற்பட்ட இளங்கோவடிகள், மருவூர்ப்பாக்கத்து வாணிகத்தையும் பட்டினப்பாக்கத்துச் செல்வத்தையும் காட்டிய அளவில் நின்றுவிடவில்லை. இந்திர விழா நிகழும் அந்நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தன என்கிறார். கள்வரை நாணச் செய்யும் வெள்ளிடை மன்றம், உடற்குறை நீக்கும் இலஞ்சி மன்றம், நஞ்சுண்டாரையும் பித்தேறினாரையும் நலமுறச் செய்யும் நெடுங்கல் நின்ற மன்றம், பொய்ச்சான்று கூறுவாரையும் போலித் துறவியரையும் புடைத்துண்ணும் பூதம் உறையும் சதுக்கம் ஆகிய நான்கையும் கூறிய பின்னர், ஐந்தாவதாக அவர் கூறுவது பாவை மன்றம். அங்கே ஒரு பாவை நிற்கிறது. அரசனுடைய கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையத்தார் ஒரு பக்கம் சாய்ந்தாலும், அப்பாவை வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாது. நின்றவாறே கண்ணீர் உகுக்கும்.

இதனைப் பழங்காலத்துப் புனைவு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் சற்றே நின்று எண்ணினால் இதிலுள்ள துணிவு நமக்கு விளங்கும். சோழனுடைய தலைநகரில், சோழனுடைய காவலின்கீழ், சோழனுடைய குற்றத்தையே ஊரறியச் செய்யும் ஒரு சிற்பம் நிற்கிறது. அதனை எவரும் பெயர்த்தெறிந்ததாக அடிகள் கூறவில்லை. துணியிட்டு மூடியதாகவும் கூறவில்லை. நாடாளும் வேந்தன் தன் நகரின் நடுவே தனக்கு எதிரான ஒரு சாட்சியை நிற்க விட்டிருக்கிறான்.

அதே காப்பியத்தின் அரங்கேற்று காதையில் மற்றொரு காட்சி உண்டு. பன்னிரண்டு வயதில் மாதவி அரசன் முன்னிலையில் ஆடி, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் தலைக்கோலி என்னும் பட்டமும் பெறுகிறாள். அத்தலைக்கோல் எதனால் ஆனது? போரில் தோற்றோடிய மன்னருடைய வெண்கொற்றக் குடையின் காம்பினால் ஆனது. அதற்கு மணியிழைத்துப் பொன்தகடு பொதிந்து, யானைமேல் ஏற்றி, நகர்வலம் செய்வித்து, அரங்கிலே நிறுத்துகிறார்கள். போர்க்களத்தின் வெற்றிச் சின்னமே ஆடலரங்கின் பரிசுச் சின்னமாகிறது. கலை அரசியலினின்று விலகி நின்ற பொற்காலம் ஒன்று பண்டு இருந்தது என்று எண்ணுவோர், இக்காம்பின் கதையை ஒருமுறை நினைவு கூர்தல் நலம்.

ஆகவே, கலைக்கும் அரசுக்கும் தொடர்பு இருக்கலாமா என்ற வினாவே பொருளற்றது. தொடர்பு என்றும் இருந்தது. நகரம் என்னும் ஒன்று தோன்றிய நாள் முதல், கலைஞனுக்கு வேண்டிய அரங்கும் பொருளும் அவையும் நகரத்திலேயே கிடைத்தன; அந்நகரத்தின் சாவி அரசின் மடியில் இருந்தது. நாம் கேட்க வேண்டிய வினா வேறு. தலைக்கோல் பெற்ற கலை, பாவையைப் போல் அழவும் உரிமை உடையதா? அரசு தந்த அரங்கில் நின்றுகொண்டு அரசின் பிழையைக் கண்டு கண்ணீர் விடுவது அறமா, நன்றி மறத்தலா? தலைநகரில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் சாலைகளிலேயே இவ்வினா நின்றுகொண்டிருக்கிறது.

காலியான மண்டபம்

இந்தியா கேட்டுக்குக் கிழக்கே நிற்கும் கல் மண்டபத்தை அறியாத தில்லித் தமிழர் இரார். ஆங்கிலேயர் 1930-களில் அதனை எழுப்பி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலையை உள்ளே நிறுத்தினர். நாடு விடுதலை பெற்ற பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மன்னர் அங்கேயே நின்றார். 1968-ஆம் ஆண்டில் அவரை அகற்றி நகரின் வடகோடியில் உள்ள முடிசூட்டுப் பூங்காவுக்கு அனுப்பினர். அதன்பின் 54 ஆண்டுகள் மண்டபம் காலியாகவே இருந்தது. காந்தியடிகளின் சிலையை வைக்கலாம் என்றும், வெற்றிடமாகவே விடலாம் என்றும் பலவாறு பேசினர். இறுதியில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், 28 அடி உயரமுள்ள நேதாஜியின் கருங்கற் சிலை அங்கே திறந்து வைக்கப்பட்டது.

எந்தச் சிலை சிறந்தது என்பது ஈண்டு நம் ஆய்வன்று. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஒரு நகரத்தின் நடுவிடத்தில் யார் நிற்பது என்பதை முடிவு செய்யும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அவரே அந்நகரத்தின் நினைவையும் ஆள்கிறார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு கல் மண்டபம் காலியாக இருந்தது, கல் கிடைக்காததால் அன்று, ஒரு மனமாகாததால். அரசியல் முடிவு செய்யாத இடத்தில் சிற்பியின் உளிக்கு வேலை இல்லை.

ஆயினும் மன்னரும் தலைவரும் மட்டுமே நிற்பதற்குரியவர் என்பதில்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்னும் வங்கச் சிற்பி 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்தவர். தில்லியில் காந்தியடிகள் முன்னே நடக்கப் பத்துப் பேர் பின்தொடரும் தண்டி யாத்திரைச் சிற்பத் தொகுதி அவருடைய படைப்பு. அதே கைதான் சென்னைக் கடற்கரையில் 1959-இல் உழைப்பாளர் சிலையையும் நிறுவியது. பாறையொன்றைப் பெயர்க்க முயலும் அந்நால்வருக்கும் பெயரில்லை, பட்டமில்லை, பிறந்தநாள் விழாவில்லை. அரசு தந்த இடத்தில் பெயரற்ற மக்களையும் நிறுத்தலாம் என்பதற்கு அச்சிலை சான்று. அரசின் துணையைப் பெறும் கலை அரசனை மட்டுமே பாட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

ஒரே மனிதரில் இருவர்

தில்லி நகரம் அழிவைப் பலமுறை கண்டது. 1739-இல் நாதிர்ஷா வந்து சென்ற பின்னர் நகரின் செல்வம் குலைந்தது. கலைஞரைப் போற்றிய பிரபுக்கள் வறியராயினர். அக்காலத்து உருதுக் கவிஞர்கள், நகரம் சீர்குலைந்ததைப் பாடும் ‘ஷஹர் ஆஷோப்’ என்னும் ஒரு தனி வகையையே வளர்த்தனர். மீர் தகி மீர் என்னும் பெருங்கவிஞர் 1782-இல் தில்லியை விட்டு இலக்னோவுக்குக் குடிபெயர்ந்தார். புகாரின் பாவை இங்கே உருது மொழியில் அழுதாள் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் நம் வினாவுக்கு மிக நெருங்கியவர் மிர்ஸா காலிப். 1857-ஆம் ஆண்டு எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர் தில்லியை இடித்து, மக்களை வெளியேற்றி, பலரைத் தூக்கிலிட்டனர். காலிப்புக்கு ஆங்கில அரசிடமிருந்து வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் நின்றது. முதுமை, கடன், பசி. அவர் ‘தஸ்தம்பூ’ என்னும் பாரசீக நூலை எழுதி 1858-இல் அச்சிட்டார். ஆங்கிலேயருக்கு உவப்பான முறையில் அமைந்த அந்நூலை அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்தார். 1860-இல் ஓய்வூதியம் மீண்டது. அதே ஆண்டுகளில் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் வேறு குரலில் பேசுகின்றன. இடிந்த கடைத்தெருக்களையும், மறைந்த நண்பர்களையும், ஆளற்றுப் போன வீதிகளையும் எண்ணி எண்ணி அவை புலம்புகின்றன. தில்லியின் அழிவைப் பற்றி இன்றும் நம்மை உருக்குவன அக்கடிதங்களே. அந்த நூல் அன்று.

காலிப்பைக் கோழை என்று பழித்தல் எளிது. மாதச் சம்பளம் ஒரு மாதம் தாமதித்தாலே வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் கலங்கும் நாம் அவ்வாறு பழிக்க மாட்டோம். ஒரே மனிதருக்குள் தலைக்கோலை நாடுபவரும் கண்ணீர் விடுபவரும் சேர்ந்து வாழ முடியும் என்பதையே அவர் வாழ்க்கை காட்டுகிறது. அதனினும் கூர்மையான பாடம் ஒன்றும் உண்டு. அவர் அழுததை அஞ்சலுறைக்குள் மறைத்து வைக்கச் செய்தது எது என்று நாம் கேட்க வேண்டும். பாவை மன்றம் இல்லாத நகரத்தில் கண்ணீர் கடிதத்துக்குள்தான் புகலடைய வேண்டும்.

சட்டமும் மேடையும்

1876-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது, அவரைத் தம் இல்லத்து மகளிர் பகுதிக்கே அழைத்துச் சென்று வரவேற்ற வழக்கறிஞர் ஒருவரை நகையாடிய நாடகமே அதற்கு உடனடிக் காரணம். அவதூறு என்றோ ஆட்சிக்கு எதிரானது என்றோ அரசு கருதும் நாடகத்தைத் தடை செய்யலாம் என்றாயிற்று. தமிழகத்தில் அடக்குமுறை எவ்வாறு நிகழ்ந்தது என்பதைத் தியாகி விசுவநாததாஸின் வாழ்க்கை கூறும். முருகன் வேடத்தில் தேசியப் பாடல்களைப் பாடியதற்காக அவர் பலமுறை சிறை சென்றார். 1940-ஆம் ஆண்டின் இறுதி இரவில் சென்னை மேடையிலேயே, பூண்ட வேடத்தோடு உயிர் நீத்தார்.

அந்நியர் போயினர், சட்டம் போகவில்லை. 1954-இல் சென்னை மாநில அரசு தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. எம். ஆர். இராதாவின் நாடகங்களை மனத்திற்கொண்டே அது பிறந்தது என்பது பரவலான கருத்து. அச்சட்டத்தின் பிடியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல்தான் முறித்தது. 1876-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் 2018-இல்தான் முறைப்படி நீங்கியது. ஆள்வோர் மாறினும் அழும் பாவையின்மீது கொண்ட அச்சம் மாறுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எந்தக் கட்சியின் ஆட்சி என்பது இங்கே பொருட்டன்று. நாற்காலியின் இயல்பு அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனையும் நேர்மையோடு கூற வேண்டும். விடுதலைக்குப் பின் மத்திய அரசு 1953-இல் சங்கீத நாடக அகாதெமியையும், 1954-இல் சாகித்திய அகாதெமியையும் லலித கலா அகாதெமியையும், 1959-இல் தேசிய நாடகப் பள்ளியையும் தோற்றுவித்தது. மண்டி ஹவுஸ் நாற்சந்தியில் 1961-இல் எழுந்த இரவீந்திர பவனம் மூன்று அகாதெமிகளுக்கும் இல்லமாயிற்று. இவை இல்லாதிருப்பின் தஞ்சைக் கலைஞரும் மணிப்பூர்க் கலைஞரும் ஒரே மேடையில் சந்தித்திருக்க வழியில்லை.

நம்மிடையே வாழ்ந்த ஒருவரின் எடுத்துக்காட்டு ஒன்று போதும். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ என்னும் நாவலை எழுதியவர், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றிய இந்திரா பார்த்தசாரதி. அந்நாவலுக்கே 1977-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நீதி தவறியதைக் கண்டு அழுத பாவைக்கே அரசு நிறுவிய ஓர் அமைப்பு தலைக்கோல் தந்தது. தலைக்கோலும் கண்ணீரும் எப்போதும் பகையாக வேண்டியதில்லை என்பதை நாம் இங்கே கண்டோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவ்வாறே நிகழும் என்று நம்பியிருத்தலும் பேதைமை.

தெருமுனையில் ஒரு நாடகம்

மண்டி ஹவுஸ் நாற்சந்தியை ஒட்டி ஒரு சாலை இருக்கிறது. சப்தர் ஹாஷ்மி மார்க் என்பது அதன் பெயர். நாடகம் காணச் செல்லும் நம்மவர் பலர் ஆட்டோக்காரரிடம் அப்பெயரைச் சொல்லி இறங்குகின்றனர். யார் அவர் என்று கேட்பவர் சிலரே.

1973-இல் தில்லி இளைஞர்கள் சிலர் ஜன நாட்டிய மஞ்ச் என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். ஹாஷ்மி அவர்களுள் ஒருவர். தொடக்கத்தில் அக்குழு பெரிய மேடை நாடகங்களையே நடத்தியது. 1975-இல் நெருக்கடி நிலை வந்தது, நாடகங்கள் நின்றன. நெருக்கடி நிலை நீங்கிய பின், பெரிய நாடகத்தை வரவழைக்கத் தொழிற்சங்கங்களிடம் பணமில்லை. மேடை வேண்டாத, திரை வேண்டாத, விளக்கு வேண்டாத நாடகம் தேவைப்பட்டது. 1978-இல் ‘மெஷீன்’ என்னும் சிறு நாடகம் தெருவுக்கு வந்தது. தலைநகரை அடுத்த ஒரு தொழிற்சாலையில், சைக்கிள் நிறுத்த ஓரிடமும் தேநீர் அருந்த ஓரிடமும் கேட்ட தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் மாண்ட செய்தியே அதன் கரு. ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் நாடகம் அது. சைக்கிள் நிறுத்தும் இடத்துக்காக உயிர் போகும் ஒரு நகர வாழ்க்கையைச் சொல்ல, அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்தது.

ஹாஷ்மி ஆங்கிலம் பயிற்றிய ஆசிரியர். பின்னர்த் தில்லியில் ஒரு மாநில அரசின் செய்தித் துறையில் அலுவலர். 1980-களின் முற்பகுதியில் அவ்வேலையைத் துறந்து முழுநேர நாடகக்காரரானார். 1989-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தில்லியின் கிழக்கெல்லைக்கு அப்பால் சாகிபாபாத்தை அடுத்த ஜண்டாபூரில், நகராட்சித் தேர்தல் நேரத்தில் ‘ஹல்லா போல்’ என்னும் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குழுவினர் தாக்கப்பட்டனர். ராம் பகதூர் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் காயமுற்ற ஹாஷ்மி மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4-ஆம் நாள் அவருடைய மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, நின்றுபோன அந்நாடகத்தை நடத்தி முடித்தனர். குற்றம் புரிந்தோருக்கு நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்க 2003-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது தள்ளத்தக்கதன்று. அந்நாடகம் ஒரு கட்சியின் வேட்பாளருக்கு ஆதரவாக நடந்தது அல்லவா, அது கலையா பிரச்சாரமா என்பர். கட்சிக்குக் கலை ஊழியம் செய்யுமானால், மன்னனுக்கு ஊழியம் செய்த கலையைக் குறை கூற அதற்கு உரிமை ஏது என்பர். தமிழகத்தில் மேடையும் திரையும் ஆட்சிக் கட்டிலுக்குப் படியானதைக் கண்டவர்கள் நாம்; ஆகவே இவ்வையம் நமக்குப் புதிதன்று.

நம் கருத்தில் இதற்கு அளவுகோல் பாவை மன்றத்திலேயே இருக்கிறது. பாவை ஒரு பக்கம் சார்ந்ததுதான். அறத்தின் பக்கம் சார்ந்தது. ஆனால் அது பகைநாட்டு மன்னனின் குற்றத்துக்கு அழுததாக அடிகள் கூறவில்லை. தன் ஊர் மன்னனின் குற்றத்துக்கே அழுதது. ஒரு கலை பக்கம் சார்ந்ததா என்று கேட்பதைவிட, தன் பக்கம் தவறும்போதும் அது அழுமா என்று கேட்பதே முறை. எதிரணியின் பிழைக்கு மட்டும் கண்ணீர் சிந்துவது கூலிக்கு மாரடித்தல். தன்னவர் பிழைக்கும் கசியும் கண்ணே கலையின் கண். இவ்வளவுகோலை ஆளுங்கட்சிக் கலைக்கும் எதிர்க்கட்சிக் கலைக்கும், மதத்தின் கலைக்கும் மொழியின் கலைக்கும் ஒருசேரப் பயன்படுத்தலாம். ஒரு கலைஞன் இதில் தேறினானா தவறினானா என்பதை ஆய்ந்து தீர்ப்புக் கூறலாம். அத்தீர்ப்பைத் தடி கொண்டு எழுத எவருக்கும் உரிமையில்லை.

வீதியில் ஆடினால் இரவலர்

நகரம் கலையைக் கொல்வதற்குத் தடியும் தடைச்சட்டமும் வேண்டும் என்பதில்லை. நிலத்தின் விலை ஒன்றே போதும். மேற்குத் தில்லியில் சாதிபூரை அடுத்துக் கட்புத்லி காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. கட்புத்லி என்பது மரப்பாவை. இராஜஸ்தானத்துப் பொம்மலாட்டக்காரர், செப்பிடு வித்தைக்காரர், கழைக்கூத்தாடிகள், பாணர் எனப் பல தெருக்கலைக் குடும்பங்கள் அங்கே பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. 1985-இல் அமெரிக்காவில் இந்திய விழா நடந்தபோது, அங்கிருந்து சென்ற கலைஞர்கள் வாஷிங்டன் நகரில் தம் வித்தைகளைக் காட்டி நம் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தனர்.

திரும்பி வந்த பின் அவர்கள் நிலை என்ன? பம்பாய் மாநிலத்தில் 1959-இல் இயற்றப்பட்டுத் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்ட இரத்தல் தடுப்புச் சட்டத்தில் இரத்தல் என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது. பொதுவிடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு பெறுதலும் அதனுள் அடங்கியது. அயல்நாட்டு மேடையில் பாரதத்தின் தூதர். தாய்நாட்டுத் தெருவில் பிடித்து அடைக்கத்தக்க இரவலர். இரத்தலைக் குற்றமாக்கிய அப்பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்னரே, 2017 அக்டோபர் இறுதியில், அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டத்துக்காகக் கட்புத்லி காலனி இடிக்கப்பட்டது.

குடிசைவாசிகளுக்கு நல்ல வீடு கிடைப்பதை எவர் வேண்டாம் என்பர்? ஆயினும் நாம் ஒன்றை எண்ண வேண்டும். பன்னிரண்டடி மூங்கிலையும், ஆளுயரப் பொம்மையையும், முரசையும் வைத்துக்கொண்டு வாழ்பவனுக்கு முற்றமும் அண்டை வீட்டானும் அவன் தொழிலின் கருவிகள். மாடிக்கு மேல் மாடியில் ஒரு சிற்றறையைக் கொடுத்தால் மனிதனுக்குக் கூரை கிடைக்கும். கழைக்கூத்துக்கு அங்கே இடமில்லை. பாணனும் பொருநனும் கூத்தனும் விறலியும் வழிநடந்த ஆற்றுப்படை இலக்கியத்தைப் பெருமையோடு பேசும் நாம், நம் தெருவில் முரசொலி கேட்டவுடன் சாளரத்தை அடைத்துவிட்டு, அதே இரவு காசு கொடுத்து அரங்குக்குள் சென்று கிராமியக் கலைவிழா காண்கிறோம். கலையை இரவலாக்குவதில் அரசுக்கு மட்டுமன்று, நமக்கும் பங்குண்டு.

உண்ட வீடு எது?

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். இம்மலரைப் படிப்போருள் பலரும் இதனை எழுதும் நாமும் மத்திய அரசின் ஊதியத்தில் வாழ்பவர்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்பது நம் வீடுகளில் தாயர் ஊட்டிய அறம். அரசு தந்த அரங்கிலும் அரசு தந்த நிதியிலும் நின்றுகொண்டு அரசின் குறையைக் கலைஞன் காட்டுவது இரண்டகம் ஆகாதா?

சங்கப் புலவர்கள் மன்னரின் சோற்றை உண்டவர்களே. ஆனால் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்று, யானை தானே வயலிற் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று வரி வாங்கும் முறையை இடித்துரைத்தார். மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் தடுத்து நிறுத்தினார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவரும் கூறினார். அவர்கள் எவரும் தம்மை நன்றி மறந்தவராகக் கருதவில்லை. உண்ட சோற்றுக்குச் செய்யும் கைம்மாறே உண்மை உரைத்தல் என்று அவர்கள் எண்ணினர். மேலும், குடியரசில் நாம் உண்ட வீடு எது? அமைச்சரின் வீடு அன்று. அதிகாரியின் வீடும் அன்று. சந்தையில் தீப்பெட்டி வாங்குபவரும் வரி செலுத்தி நிரப்பும் களஞ்சியம் அது. அக்களஞ்சியத்தில் உண்பவன் எவருக்கு இரண்டகம் செய்யலாகாது என்பது அப்போது தெளிவாகும்.

இனி, நம்மைப் பிணிக்கும் நடத்தை விதிகள். 1964-ஆம் ஆண்டின் அவ்விதிகள் அரசு ஊழியரை அரசியல் கட்சிகளில் சேராமல் தடுக்கின்றன. அரசின் கொள்கையைப் பொதுவிடத்தில் குறை கூறாமலும் தடுக்கின்றன. முற்றிலும் இலக்கியமும் கலையும் அறிவியலும் ஆகிய எழுத்துக்கு முன்னனுமதி வேண்டுவதில்லை என்றும் அவ்விதிகளில் நெடுங்காலம் ஒரு சலுகை இருந்தது. அரசியலின் நிழல் படாத முழுக் கலை என்று ஒன்று உண்டு என்று அவ்விதியை வகுத்தவர் நம்பினர் போலும். இளங்கோவடிகள் அவ்வாறு நம்பியிருக்கமாட்டார். ஆயினும் அவ்விதியின் தேவையை நாம் மறுக்கவில்லை. கோப்பினைக் கையாளும் கை ஒரு கட்சியின் கையாக இருத்தல் கூடாது. எக்கட்சியினர் மனுக் கொடுத்தாலும் ஒரே முறையில் அது நகர வேண்டும். அதற்காக நம் நாவுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருப்பின் அதனை ஏற்கிறோம்.

ஆனால் எந்த விதியும் நம் கண்ணையும் செவியையும் கட்டவில்லை. தெருமுனையில் நாடகம் நடந்தால் நின்று பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு மழுப்பாமல் விடை கூறலாம். நம் சங்கத்து விழாக்களில் சிறப்பு விருந்தினரின் வருகைக்காகக் கலைஞரை மணிக்கணக்கில் ஒப்பனையோடு காக்க வைக்காதிருக்கலாம். விருந்தினர் எழுந்தவுடன் பாதி அரங்கு காலியாகாதிருக்கலாம். மலரில் விளம்பரம் தந்தவர் மனம் கோணுமே என்று ஒரு நல்ல கட்டுரையை விலக்காதிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, எவர் மனத்தையும் குளிர்விக்கக் கருதாத ஒரு நாடகத்துக்கு நம் மேடையைத் தரலாம். அரசிடம் பாவை மன்றம் கேட்கும் நாம், நம் சிறிய சங்கத்திலும் ஒரு மூலையில் அப்பாவைக்கு இடம் வைத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுதல் முறை. தலைக்கோல் வழங்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே நிறைய உண்டு, பொன்னாடைகளுக்குக் குறைவில்லை.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு பொறுப்பும் உண்டு. பிறந்த ஊரில் நாம் ஒரு தெருவுக்கு உரியவர். இங்கே வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும் உரியவர் என்று எண்ணி, நகரத்தின் நன்மை தீமைகளை வேற்றார் விவகாரமாகக் கருதும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. காலிப்பின் தெருவும், கட்புத்லிக் கலைஞரின் இடிந்த முற்றமும், ஹாஷ்மியின் பெயர் தாங்கிய சாலையும் நம் பிள்ளைகள் வளரும் ஊரின் பகுதிகள். அவை நம் கதையும் ஆகும். மதுரைக்கு வந்த புகார்ப் பெண்ணொருத்தி, இது என் ஊரன்று என்று வாளாவிருந்திருப்பின் நமக்குச் சிலப்பதிகாரமே கிடைத்திராது.

பாவை நாவால் ஒன்றும் உரைப்பதில்லை என்று அடிகள் கூறியதை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அரசின் நகரில் அரசின் இடத்தில் நின்ற அதற்கும் ஏதோ ஒரு நடத்தை விதி இருந்திருக்க வேண்டும் போலும். அது கட்சியில் சேரவில்லை, மேடை ஏறவில்லை, மனுவில் கையொப்பம் இடவுமில்லை. கண்டதைக் காணாததுபோல் இருக்க மட்டும் அது மறுத்தது. பேச உரிமை குறைந்தவர்க்கும் அவ்வளவேனும் இயலும். அவ்வளவுக்கும் இடமில்லாத நகரம், எத்தனை அகாதெமிகளையும் அரங்கங்களையும் கொண்டிருப்பினும், வெறும் கட்டடங்களின் தொகுதியே ஆகும்.